தெரிந்ததைச் செய்ய என்ன தடை? கீழ்ப்படிதல் குறித்த கேள்வி பதில்

சிஸ்டர், வேலை மாறலாமா என்று பல மாதமாக உபவாசித்து ஜெபிக்கிறேன். பதில் வரவில்லை. தேவசித்தத்தை எப்படி அறிவது?

ஜெபத்தை விடாதீர்கள். பெரியவர்களிடம் ஆலோசனை கேளுங்கள், சம்பளத்தையும் வீட்டுச் சூழலையும் பாருங்கள். இரண்டுமே நேர்மையான வேலை என்றால் எதை எடுத்தாலும் பாவமில்லை. தேவசித்தம் இதுதான் என்று வேதம் நேராகவே சொல்லும் இடங்கள் உண்டு: பரிசுத்தமாய் இருப்பது (1 தெசலோனிக்கேயர் 4:3), எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்வது (5:18). இப்போதிருக்கும் வேலையிலேயே இவை இரண்டையும் தொடங்கலாம். தெரியாத சித்தத்துக்காக அழுகிற நாம், தெரிந்ததைத் தள்ளிப்போடுகிறோம். எனக்கு இதுதான் பெரிய கவலை.

கட்டட வேலை எடுத்துச் செய்கிறேன். தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) தவறுவதில்லை. ஆனால் பில் பணம் தாமதமானால் ஆட்களுக்குச் சம்பளமும் தாமதமாகிறது. இது தப்பா, அக்கா?

தப்புதான் தம்பி. கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக்கூடாது என்கிறது லேவியராகமம் 19:13. பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது கர்த்தரின் செவிக்கு எட்டுகிறது என்று யாக்கோபு 5:4 எச்சரிக்கிறது. அன்றாடக் கூலியை நம்பித்தான் சித்தாள் வீட்டில் அன்றைக்கு அரிசி வாங்குவார்கள். அவர்கள் பணம் உங்கள் கையில் இருக்கும்போது அதிலிருந்து காணிக்கை போடுவதில் எனக்குச் சம்மதமில்லை. அட்வான்ஸ் வந்த அன்றே கூலியைத் தனியாக எடுத்து வையுங்கள். அதற்குப் போதாது என்றால் அந்த வேலையை ஒத்துக்கொள்ளாதீர்கள். பாக்கி இருக்கிறவர்களுக்கு இந்த வாரமே கொடுத்து, மன்னிப்பும் கேளுங்கள்.

எனக்குக் கல்யாணம் பேசுகிறார்கள். வரதட்சணை வேண்டாம் என்கிறேன். "தாய் தகப்பனைக் கனம்பண்ணு என்று வேதம் சொல்கிறதே" என்று அம்மா அழுகிறார்.

நல்ல முடிவு, தம்பி, உறுதியாக இருங்கள். வரதட்சணை கேட்பதும் வாங்குவதும் கொடுப்பதும் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைவிட, ஒரு பெண்ணின் தகப்பனைக் கடனில் தள்ளுவது பிறனை நேசிப்பதாகாது. "நாங்க கேட்கல, அவங்க பொண்ணுக்குத்தானே போடறாங்க" என்ற பேச்சு நம் சபைக் குடும்பங்களிலேயே சகஜமாகிவிட்டது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கிறது.

மறுக்கிற விதம் முக்கியம். தானியேல் ராஜாவின் போஜனத்தை வேண்டாம் என்றபோது அதிகாரியோடு சண்டை போடவில்லை. பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று தாழ்மையாகக் கேட்டான். நீங்களும் நிச்சயதார்த்தத்துக்கு முன்பே, பெண் வீட்டார் எதிரிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கல்யாணச் செலவில் உங்கள் பங்கு என்ன என்பதையும் அப்போதே சொல்லுங்கள். அம்மாவிடம் குரல் உயர்த்த வேண்டாம். "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம்" என்று பேதுரு சொன்னது, இயேசுவைப் பற்றிப் போதிக்கக்கூடாது என்று தடுத்த யூத ஆலோசனைச் சங்கத்தாரிடம். பெற்ற தாயிடம் அதே தோரணை வேண்டாம். அவரை வயதான காலத்தில் அன்பாக வைத்துக்கொள்வதில் உங்கள் கனம்பண்ணுதல் தெரியட்டும்.

மனசே இல்லாமல் கீழ்ப்படிந்தால் அது மாய்மாலம் இல்லையா?

இல்லை. இயேசு சொன்ன உவமையில் "மாட்டேன்" என்ற மகன் பிறகு மனஸ்தாபப்பட்டுத் திராட்சத்தோட்டத்துக்குப் போனான். "போகிறேன் ஐயா" என்றவன் போகவில்லை (மத்தேயு 21). பேதுருவும் ராமுழுதும் வலைவீசிச் சலித்த பிறகுதான், உம்முடைய வார்த்தையின்படியே வலையைப் போடுகிறேன் என்று இயேசுவிடம் சொன்னான். மனசு இல்லை என்பதையும் ஜெபத்தில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

லஞ்சம் வாங்க மறுத்ததால் பதவி உயர்வு போய்விட்டது. கீழ்ப்படிந்தால் ஆசீர்வாதம் என்கிறார்களே?

உங்கள் நஷ்டம் உண்மையானது, அண்ணா. யோசேப்பும் பாவத்துக்கு விலகி ஓடித்தான் சிறைக்குப் போனான். கர்த்தர் அங்கேயும் அவனோடே இருந்தார் என்று ஆதியாகமம் 39 சொல்கிறது. ஆனாலும் கதவு உடனே திறக்கவில்லை. கீழ்ப்படிதலுக்குக் கைமேல் கூலி என்று பிரசங்கிப்பவர்கள் அந்த அதிகாரத்தை நிதானமாக வாசிக்க வேண்டும். உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

எங்கள் போதகர், தனக்குக் கீழ்ப்படிவதே தேவனுக்குக் கீழ்ப்படிவது என்கிறார். யாரைக் கல்யாணம் செய்வது என்பதையும் அவரே சொல்கிறார்.

போதகரை மதியுங்கள், எபிரெயர் 13:17 அதைத்தான் கேட்கிறது. ஆனால் மந்தையை இறுமாப்பாய் ஆளக்கூடாது என்று 1 பேதுரு 5:3 மேய்ப்பருக்கும் கட்டளை கொடுத்திருக்கிறது. பவுல் பேசியதையே பெரோயா ஊரார் வேதத்தோடு தினமும் ஒத்துப்பார்த்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் அவர்களைப் பாராட்டவே செய்கிறது. ஆலோசனை என்றால் கேளுங்கள், கட்டாயம் என்றால் மறுங்கள். தனியாகப் போய்ப் பேசாதீர்கள். வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.