ஷாட் வெர்ஷன்களும் ஃபோல்டர்களும் – கடிதம்

அன்புள்ள சார்,

நண்பர்கள் சேர்ந்து ஒரு குறும்படம் எடுத்திருக்கிறோம். சுமார் நாற்பது ஷாட்டில் சிஜி வேலை. ஆளுக்கொரு ஃபோல்டர் போட்டுக்கொண்டோம். இப்போது ஒரே ஷாட்டுக்கு ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘டைரக்டர் ஓகே’ என்று ஏழெட்டு ஃபைல்கள். எடிட்டர் பழையதை எடுத்து டைம்லைனில் வைத்துவிட்டார். எப்படி ஒழுங்குபடுத்துவது?

ச., கோவை

அன்புள்ள ச.,

எடிட்டர் மேல் தப்பில்லை. ‘ஃபைனல்’ என்று எழுதியிருந்ததை நம்பியிருக்கிறார், அவ்வளவுதான். ஒரு ஷாட் முடிந்ததா என்பது டைரக்டர் சொல்வது, நாளைக்கே மாறும். அதை ஃபைல் பெயரில் எழுதக் கூடாது. பெயரில் எண் மட்டும் போதும். எந்த எண் ஓகே ஆனது என்பதைத் தனியாக ஒரு ஷீட்டில் குறியுங்கள்.

ஆள் பெயரில் ஃபோல்டரும் வேண்டாம். வேலை கைமாறினால் யாருக்கும் எதுவும் கிடைக்காது. சீக்வென்ஸ் (சேர்ந்து வரும் ஷாட்களின் தொகுதி), அதற்குள் ஷாட், ஷாட்டுக்குள் ப்ளேட், ஒர்க், ரெண்டர், டெலிவரி என்று ஃபோல்டர்கள் இருக்கட்டும். கேமராவிலிருந்து வந்தது ப்ளேட்டில். அதில் யாரும் கை வைக்காதபடி பூட்டிவிடுங்கள். நியூக் (படங்களை ஒன்றாகச் சேர்க்கும் மென்பொருள்), பிளெண்டர் (முப்பரிமாண மென்பொருள்) ஃபைல்கள் ஒர்க்கில். அவற்றிலிருந்து வெளிவரும் படங்கள் ரெண்டரில். எடிட்டர் திறக்க வேண்டியது டெலிவரியை மட்டும்.

ஷாட் எண்களை 010, 020, 030 என்று பத்துப் பத்தாக வையுங்கள். நடுவில் ஒரு ஷாட் முளைத்தால் 015 என்று நுழைத்துவிடலாம். (நிச்சயம் முளைக்கும்.) ஃபைல் பெயர் ‘சந்தை_020_காம்ப்_வி007’ என்கிற மாதிரி: சீக்வென்ஸ், ஷாட், வேலை (காம்ப் என்றால் படங்களை ஒன்றாகச் சேர்ப்பது), வெர்ஷன். இங்கே தமிழில் எழுதினாலும் நீங்கள் ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல் வையுங்கள். வி7 என்று வைக்காதீர்கள். சில மென்பொருள்களில் வி10, வி2-க்கு முன்னால் போய் நிற்கும். ஃப்ரேம் எண்ணை 1001-இல் தொடங்குவது பல ஸ்டுடியோக்களில் வழக்கம். எடிட்டர் முன்பக்கம் எட்டு ஃப்ரேம் கூடுதலாகக் கேட்டாலும் எண் மைனஸுக்குப் போகாது.

ஒர்க் ஃபைலுக்கும் அதிலிருந்து வந்த ரெண்டருக்கும் ஒரே எண் இருக்க வேண்டும். நான் பிடிவாதமாக இருப்பது இதில்தான். வி007 அனுப்பியாகிவிட்டது, டைரக்டர் அதைப் பார்த்துக் குறிப்பும் எழுதிவிட்டார். அப்புறம் ‘சின்ன ரோட்டோ (உருவத்தின் விளிம்பை வரைந்து பிரித்தெடுப்பது) திருத்தம்தானே’ என்று அதன் மேலேயே மறுபடி ரெண்டர் போட்டால், அவர் குறிப்பு எந்தப் படத்தைப் பற்றியது என்று யாருக்கும் தெரியாது. வெளியே போன எண்ணைத் தொடாதீர்கள், வி008 போடுங்கள். நியூக்கில் ஆல்ட், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அடுத்த எண்ணில் சேவ் ஆகிவிடும்.

இப்படிப் போனால் டிஸ்க் நிறையாதா என்று கேட்பீர்கள். நிறையும். 4096 x 2160 அளவில், கம்ப்ரஸ் செய்யாத 16 பிட் ஈஎக்ஸ்ஆர் (சிஜி வேலையில் படங்களைச் சேமிக்கும் ஃபைல் வகை) ஒரு ஃப்ரேம் சுமார் 53 எம்பி. வினாடிக்கு 24 ஃப்ரேம் என்றால் ஐந்து வினாடி ஷாட்டின் ஒரே வெர்ஷன் 6 ஜிபியைத் தாண்டும். அதனால் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் ரெண்டரில் தனி ஃபோல்டர் வைத்து, தள்ளுபடியானவற்றை அவ்வப்போது அழியுங்கள். ஒர்க் ஃபைலை மட்டும் அழிக்காதீர்கள். நியூக் ஃபைல் மிகச் சிறியது, ப்ளேட்டும் மற்ற எலிமெண்டுகளும் இருந்தால் அதை வைத்து மறுபடி ரெண்டர் எடுத்துக்கொள்ளலாம்.

சரி, இருக்கிற குப்பையை என்ன செய்வது? ஒவ்வொன்றாகப் பெயர் மாற்ற உட்காராதீர்கள். எல்லாவற்றையும் அப்படியே ‘பழசு’ என்ற ஃபோல்டரில் தள்ளுங்கள். டைரக்டரோடும் எடிட்டரோடும் உட்கார்ந்து ஷாட்டுக்கு ஒன்று தேர்ந்தெடுத்து, அதை ஒர்க் ஃபைலோடு சேர்த்துப் புதிய இடத்தில் வி001 ஆக வையுங்கள். ஷாட்கிரிட் (இப்போது அதன் பெயர் ஃப்ளோ புரொடக்‌ஷன் டிராக்கிங்) போன்ற, ஷாட்களைக் கண்காணிக்கும் மென்பொருள்கள் பெரிய கம்பெனிகளுக்கு. நாற்பது ஷாட்டுக்கு ஒரு கூகுள் ஷீட்டே அதிகம்.