ஸ்கேன் நார்மல்னு சொல்லிட்டாங்க, ஆனா பையன் பழைய மாதிரி இல்லையே

தலையில அடிபடறது பத்தி ஒரு கேள்விக்கு முன்னாடி ஒரு இதழ்ல நாலு வரி பதில் எழுதியிருந்தேன், அதுக்கப்புறம் வந்த கடிதங்களைப் பாத்தா இந்தத் தடவை முழுக்க இதையே பேசிடலாம்னு தோணுச்சு. அவசரமானதை முதல்ல எடுத்துக்கறேன்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயசு. ஹார்ட்ல ஸ்டென்ட் வச்சிருக்கு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறார். ஒரு மாசம் முன்னாடி பாத்ரூம்ல வழுக்கி விழுந்தார், பின்மண்டையில லேசா வீக்கம், ஐஸ் வச்சோம், வடிஞ்சிடுச்சு. இப்ப பத்து நாளா நடக்கறப்ப இடது கால் செருப்பு கழண்டு விழுந்துடுது, அது அவருக்கே தெரியறதில்ல. காபி குடிச்சிட்டு இன்னும் காபி தரலையான்னு கேக்கறார். வயசானா இப்படித்தான்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. டாக்டர்கிட்ட காட்டணுமா சார்?
வாசகர், தூத்துக்குடி

பதில்: இதழ் வர்ற வரைக்கும் இதுக்குக் காத்திருக்க முடியாதுன்னு கடிதம் வந்த அன்னைக்கே உங்களுக்குப் போன் பண்ணி உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டோம். மத்தவங்களுக்காகத்தான் இங்க எழுதறேன். வயசாக ஆக மூளை கொஞ்சம் சுருங்கும், அதுக்கும் மண்டை ஓட்டுக்கும் நடுவுல இடைவெளி கூடும், அதைத் தாண்டிப் போற சின்னச் சின்ன ரத்தக்குழாய் எல்லாம் இழுபட்டு நிக்கும், அப்ப ஒரு சாதாரண விழுதல்லயே அதுல ஒண்ணு கிழிஞ்சு ரத்தம் மெதுவா கசிய ஆரம்பிச்சுடும். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடறவங்களுக்கு இது இன்னும் சுலபமா நடக்கும். அது மூளையை அழுத்தற அளவுக்குச் சேர சில வாரம் ஆகும், அதுக்குள்ள அவர் விழுந்ததையே வீட்ல எல்லாரும் மறந்திருப்பாங்க. மறதி மட்டும்னா வயசுன்னு சொல்லலாம், ஆனா வயசு பத்து நாள்ல ஒரு கால் செருப்பை மட்டும் கழட்டாது, அந்தப் பக்கம் வலு குறையுதுன்னு அர்த்தம். சிடி ஸ்கேன்ல சில நிமிஷத்துல தெரிஞ்சிடும். ரத்தக்கட்டு இருந்தா மண்டை ஓட்டுல சின்ன துளை போட்டு வெளியேத்துவாங்க, நல்லா தேறி எழுந்து நடக்கறவங்க நிறைய பேர். மாத்திரை அட்டையைக் கையோட எடுத்துட்டுப் போங்க, கேஷுவாலிட்டியில முதல்ல அதைத்தான் கேப்பாங்க. ஆனா நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க, ஸ்டென்ட் அடைச்சுக்கலாம்.

கேள்வி: என் பையன் எட்டாவது படிக்கிறான். ஸ்கூல் கிரவுண்டுல கபடி விளையாடறப்ப இன்னொரு பையன் முழங்கால் இவன் தலையில இடிச்சிடுச்சு. மயக்கம் போடல, எழுந்து மறுபடி விளையாடியிருக்கான். சாயந்திரம் ஒரு தடவை வாந்தி, ஸ்கேன் எடுத்தோம், நார்மல்னு அனுப்பிட்டாங்க. அஞ்சு நாள் ஆகுது, தலைவலிங்கிறான், டியூப்லைட் போட்டா கண்ணை இடுக்கிக்கிறான், படிச்சது நிக்க மாட்டேங்குது, சும்மாவே எரிஞ்சு விழறான். பரிட்சைக்குப் பயந்து நடிக்கிறான்னு அவங்க அப்பா திட்டறார். எனக்கு மனசு கேக்கல.
வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்க பையன் நடிக்கலம்மா. இதை அவங்க அப்பாவுக்கும் படிச்சுக் காட்டுங்க. தூக்குவாளியில கட்டித் தயிர் எடுத்துட்டு பஸ்ல போறீங்க, டிரைவர் சடன் பிரேக் போடறார், வாளியில ஒரு கீறல் கூட இருக்காது, ஆனா உள்ள தயிர் ஆடி அலுங்கிப் போயிருக்கும். மண்டைக்குள்ள மூளைக்கும் இப்படித்தான் ஆகுது, இதைத்தான் கன்கஷன்னு சொல்றாங்க. குலுங்கின வேகத்துல மூளை செல்லுக்கு உள்ள இருக்க வேண்டிய உப்புச் சத்து வெளியவும் வெளிய இருக்க வேண்டியது உள்ளேயும் மாறிடும், அதைச் சரி பண்ண செல்லுக்கு வழக்கத்தை விட அதிகமா சர்க்கரை வேணும், ஆனா அந்த நேரம் பாத்து ரத்த ஓட்டம் குறைஞ்சிருக்கும். கிட்டத்தட்ட லோ வோல்டேஜ் மாதிரி. வீட்டை போட்டோ எடுத்தா லோ வோல்டேஜ் போட்டோல தெரியுமா? சிடி ஸ்கேனும் அப்படித்தான், எலும்பு உடைஞ்சிருக்கா, ரத்தம் கசிஞ்சிருக்கான்னு பாக்கத்தான் அது. நார்மல்னா ரத்தக்கசிவு இல்ல, அது ரொம்ப நிம்மதியான விஷயம், ஆனா அடியே படலைன்னு அர்த்தம் இல்ல.

மயக்கம் போடலையேன்னு கேக்கலாம், கன்கஷன் ஆன பெரும்பாலானவங்களுக்கு மயக்கமே வராது. எழுந்து விளையாடினானேன்னும் கேக்கலாம். 2019 ஆகஸ்ட்ல லார்ட்ஸ் டெஸ்ட் மேட்ச்ல இங்கிலாந்து பவுலர் ஆர்ச்சர் போட்ட பவுன்சர் கழுத்துல பட்டு ஆஸ்திரேலியா பேட்ஸ்மேன் ஸ்டீவ் ஸ்மித் சுருண்டு விழுந்தார், வெளிய போய் டாக்டர் வச்ச டெஸ்ட் எல்லாம் பாஸ் பண்ணிட்டு திரும்பி வந்து பேட்டிங்கும் பண்ணி 92ல அவுட் ஆனார், மறுநாள் காலைல தான் அவருக்குத் தலை கிறுகிறுப்பு தெரிஞ்சது. அவருக்குப் பதிலா லபுஷேன் இறங்கினார், டெஸ்ட் கிரிக்கெட்ல கன்கஷனுக்காக வந்த முதல் மாற்று வீரர் அவர்தான், அந்த ரூலே அந்த மாசம்தான் வந்தது. பக்கத்துலயே டாக்டர் நிக்கிற அவருக்கே மறுநாள் தெரியுதுன்னா ஸ்கூல் பையனுக்கு லேட்டா தெரியறதுல அதிசயம் ஒண்ணும் இல்ல.

அடிபட்ட முதல் ரெண்டு நாள் மொபைல், டிவி, ஓட்டம், படிப்பு எல்லாத்தையும் நல்லா குறைச்சிடணும், ஆனா வாரக்கணக்குல இருட்டு ரூம்ல படுக்க வைக்கக் கூடாது, அது தேறுறதை தாமதப்படுத்தும். இப்ப அஞ்சு நாள் ஆச்சுங்கறதால காலாற நடக்கட்டும், இருபது நிமிஷம் படிக்கட்டும், தலைவலி ரொம்ப ஏறினா நிறுத்தட்டும். ஸ்கூலுக்கு முதல்ல அரை நாள் அனுப்புங்க, பரிட்சைக்குக் கூடுதல் நேரம் கேட்டு டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிக் குடுங்க. பிள்ளைங்க பெரும்பாலும் நாலு வாரத்துல சரியாயிடுவாங்க, அதுக்கு மேல இழுத்தா நியூரோ டாக்டரைப் பாருங்க.

கபடி மட்டும் கூடவே கூடாது. இதை நான் கெஞ்சிக் கேக்கறேன். முதல் அடி ஆறறதுக்குள்ள இன்னொரு அடி பட்டா வளர்ற பிள்ளைங்களுக்கு மூளை திடீர்னு வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம், அபூர்வம்தான், ஆனா நடந்திருக்கு. பி.டி. சாரை நேர்ல பாத்துச் சொல்லுங்க. தொந்தரவு முழுசா நின்னு டாக்டர் ஓகே சொன்னப்புறம் முதல்ல ஓட்டம், அப்புறம் தனியா பயிற்சி, இடி வாங்கற ஆட்டம் கடைசியா, ஒவ்வொரு படிக்கும் ஒரு நாளாவது விடுங்க.

கேள்வி: தலையில அடிபட்டா தூங்க விடக்கூடாதுன்னு எங்க அத்தை பேத்தியை ராத்திரி முழுக்க உக்கார வச்சிருந்தாங்க. சரியா?
வாசகி, கும்பகோணம்

பதில்: அத்தை பயந்தது நியாயம்தான், ஆனா பேசினா ஒழுங்கா பதில் சொல்றா, நல்லா நடக்கறான்னா தூங்கட்டும், மூளைக்குத் தூக்கம் தேவை. டாக்டர் சொல்லியிருந்தா நடுவுல ஒண்ணு ரெண்டு தடவை எழுப்பிப் பாருங்க, சிணுங்கிட்டு திரும்பிப் படுத்தா போதும். எழுப்பவே முடியல, வாந்தி திரும்பத் திரும்ப வருது, தலைவலி ஏறிட்டே போகுது, வலிப்பு, பேச்சு குழறல், ஒரு கண்ணோட பாப்பா மட்டும் பெருசா இருக்கு, காதுல மூக்குல தண்ணியோ ரத்தமோ வருதுன்னா யோசிக்காம 108க்கு அடிங்க. வலிக்கு பாராசிட்டமால் குடுங்க, ஆஸ்பிரின், ஐபுபுரூபென் முதல் ரெண்டு நாள் வேண்டாம்.

கேள்வி: பைக்ல இருந்து விழுந்தேன், தலைக்கு ஒண்ணும் ஆகல, ஹெல்மெட்ல சின்ன கீறல்தான். அதையே போட்டுக்கலாமா?
கல்லூரி மாணவர், சேலம்

பதில்: வேண்டாம் தம்பி. உள்ள இருக்கற தெர்மோகோல் மாதிரி திண்டு நசுங்கித்தான் அடியை வாங்கும், ஒரு தடவை நசுங்கினா திரும்ப எழும்பாது, அது வெளிய பாத்தா தெரியவும் தெரியாது. ஹெல்மெட் மண்டை உடையாம காப்பாத்தும், உள்ள மூளை குலுங்கறதை முழுசா தடுக்காது, அதனால அடுத்த ரெண்டு நாள் தலைவலி, கிறுகிறுப்பு இருந்தா பைக்கை எடுக்காம டாக்டர்கிட்ட போங்க. செலவுக்கு யோசிக்காதீங்க, தமிழ்நாட்டுல ரோடு ஆக்சிடென்ட்ல அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021ல இருந்து இருக்கு, அரசு ஆஸ்பத்திரி மட்டும் இல்ல, அதுல சேர்ந்திருக்கற தனியார் ஆஸ்பத்திரியிலயும் பாப்பாங்க.