மோன்பெலியே பக்கம் நல்ல ஒயின்காரர்களைத் தேடிப் போவது எப்படி?

தெற்கு பிரான்சில் இருக்கிற மோன்பெலியே நகரத்துக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது, விடுமுறை நாட்களில் நல்ல ஒயின் தயாரிப்பாளர்களைப் போய்ப் பார்க்க ஆசை, எங்கே தொடங்குவது, போனால் வாங்கியே ஆக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி.

பேர் பெற்ற இடங்களில் தொடங்காதீர்கள். தன் கொடியில் தானே காய் பறித்து, தன் கொட்டகையிலேயே ஒயினாக்கி, தானே வந்து கதவைத் திறந்துவிடுகிற சம்சாரியிடம் போங்கள். மண்ணைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்ல அங்கேதான் ஆள் இருக்கும்.

அவர்களைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கடையில் பாட்டிலை எடுத்து, கழுத்தில் சுற்றியிருக்கும் உறையின் உச்சியைப் பாருங்கள். குனிந்தபடி தோளில் பீப்பாய் சுமக்கிற ஆளின் சின்னம் இருந்தால், அவர் 'விஞ்ஞெரோன் அந்தேபாந்தான்' அமைப்பைச் சேர்ந்த சுயேச்சைத் தயாரிப்பாளர். பிடித்த பாட்டிலென்றால் ஊர்ப் பெயர் லேபிளிலேயே இருக்கும். போன் செய்து நேரம் கேளுங்கள். பிரெஞ்சு தடுமாறினாலும் பரவாயில்லை, கேட்டுவிட்டு வருகிறவர்களுக்கு மரியாதையே தனி.

முதலில் பிக் சேன் லூ. நகரத்துக்கு வடக்கே 658 மீட்டர் உயரத்தில் நிற்கிற மலை. அதைச் சுற்றி வல்ஃப்லோனெஸ், லோரே போன்ற சிற்றூர்கள். பகலில் வெயில் காய்ந்தாலும் ராத்திரியில் குளிர் இறங்கும், அதனால் சிரா திராட்சையின் வாசம் கெடுவதில்லை. சிவப்பு ஒயினும், ரோசே என்கிற இளஞ்சிவப்பு ஒயினும்தான் பிக் சேன் லூ என்ற பெயரில் வரும். இன்னொரு நாள் பெசியே நகரத்துக்கு வடக்கே ஃபோஜேர் என்கிற ஊருக்குப் போங்கள். அங்கே நிலமெல்லாம் சிஸ்ட் என்கிற பாறை. ஒரு துண்டைக் கையிலெடுத்தால் தகடு தகடாகப் பிரியும். கொடியின் வேர் அந்த இடுக்குகளில் இறங்கித்தான் தண்ணீர் தேடுகிறது. வெள்ளை ஒயின் வேண்டுமென்றால், 'தோ' என்கிற ஏரியின் கரையில் விளையும் பிக்புல் த பினே என்கிற ஒயின் இருக்கிறது. பக்கத்திலேயே பூசிக் ஊரில் சிப்பி சாப்பிடலாம். இரண்டும் அப்படிப் பொருந்தும்.

கூட்டுறவுச் சங்கங்களை மட்டமாக நினைக்காதீர்கள். பெசியே அருகே மரோசானில் 1901-லேயே ஒயின் விவசாயிகள் சங்கம் கட்டினார்கள். 1907-ல் விலை விழுந்தபோது இதே மோன்பெலியே தெருக்களில் லட்சக்கணக்கில் திரண்டார்கள். பல ஊர்களில் சங்கம் நிலைத்தது அந்த அடிபட்ட அனுபவத்தால்தான். இன்றும் அன்றாடச் சாப்பாட்டுக்கு நியாயமான விலையில் நல்ல ஒயின் அங்கே கிடைக்கும்.

வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சிறிய இடங்கள் பலவற்றில் ருசி பார்க்கக் காசு வாங்க மாட்டார்கள். ஆனால் உங்களுக்காக நான்கைந்து பாட்டில் திறந்திருக்கிறார்கள் என்றால், ஒன்றிரண்டாவது வாங்கிக்கொண்டு வருவதுதான் முறை. ருசி பார்த்துவிட்டுத் துப்புவதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். கூச்சப்படாமல் துப்புங்கள், அவர்களும் அதைத்தான் செய்கிறார்கள்.

மதியம் 12 முதல் 2 வரை அநேகமாகப் பூட்டியிருக்கும். செப்டம்பரில் அறுவடை, பேச நேரம் இருக்காது. அதனால் வசந்த காலம்தான் தோது. ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும்.

அப்புறம், வண்டி ஓட்டுகிறவர் துப்பியே ஆக வேண்டும். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு. புது லைசென்ஸ்காரர்களுக்கு 0.2, அதாவது ஒரு கிளாஸே அதிகம். வெயில் நாளில் வாங்கிய பாட்டில்களை வண்டிக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், சூட்டில் ஒயின் கெட்டுவிடும். ஒரு குளிர்ப்பெட்டி எடுத்துப் போங்கள்.