இனா டீச்சர்

அன்புள்ள ஐயா,

2025 ஏப்ரல் 30 அன்று காலமான பிரேசில் கன்னியாஸ்திரி இனா கனபாரோ லூகாஸ் பற்றி ஒரு கட்டுரையில் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். அவர் பள்ளி ஆசிரியை என்பதே அதைப் படித்துத்தான் தெரிந்தது. பேப்பரில் வந்ததெல்லாம் 116 வயது என்கிற கணக்குதான். நீண்ட நாள் உயிரோடு இருப்பது ஒரு சாதனையா? இவ்வளவு கொண்டாட வேண்டுமா? நானும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், அதனால் கேட்கிறேன்.

ம., தஞ்சாவூர்

அன்புள்ள ம.,

சாதனை என்று சொல்ல மாட்டேன். சிறுவயதில் ஒல்லிக்குச்சியாக இருந்த இனா பிழைப்பாரா என்றே பலர் சந்தேகப்பட்டார்களாம். 2024 டிசம்பர் கடைசியில் ஜப்பானின் தோமிகோ இதோகா இறந்ததும் உலகின் மிக மூத்தவர் என்ற பெயர் இவருக்கு வந்தது. நான்கு மாதம் கழித்து அது இங்கிலாந்தின் எதல் கேட்டர்ஹாமுக்குப் போய்விட்டது. அந்தப் பெயருக்கு அவ்வளவுதான் ஆயுள்.

எனக்குப் பெரிதாகப் படுவது அவருடைய பள்ளிக்கூட வருடங்கள்தான். இனாவும் உங்களைப் போலக் கணக்கு டீச்சர், கூடவே போர்ச்சுகீஸும் நடத்தினார். பிரேசில் ராணுவ ஆட்சியின் கடைசி அதிபர் ஃபிகெய்ரெடோ அவருடைய மாணவர் என்று ஏபி செய்தி நிறுவனம் எழுதியது. அந்த மாணவர் 1999இல், 81 வயதில் இறந்தார். டீச்சர் அதற்கப்புறம் இன்னும் 25 வருடம் இருந்தார்.

ஆனால் அதிபரைவிட அந்த பேண்டு வாத்தியக் கதைதான் எனக்குப் பிடித்தது. பிரேசிலின் தென்கோடியில் சான்டானா டோ லிவ்ரமென்டோ என்று ஓர் ஊர். அதை ஒட்டியே உருகுவே நாட்டின் ரிவேரா. நடுவில் ஆறும் இல்லை, வேலியும் இல்லை. தெருவைத் தாண்டினால் வேறு நாடு, வேறு மொழி. இந்த இரட்டை ஊர்களின் பள்ளிகளில் இரண்டு பேண்டு குழுக்களை உருவாக்கியவர் இனா. கணக்கு டீச்சரே பேண்டும் நடத்தினால், கணக்கில் திணறுகிற பிள்ளைக்கு அவர் முன்னால் நெஞ்சு நிமிர்த்தி நிற்க இன்னோர் இடம் கிடைக்கிறது. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசிக் காலத்தில் போர்ட்டோ அலெக்ரேயில் முதியோர் இல்லத்தில் இருந்தார். அறை முழுக்க இன்டர்நேசியோனல் கால்பந்து கிளப்பின் சிவப்பு வெள்ளை. அந்தக் கிளப் 1909இல் தொடங்கியது, அவரைவிட ஒரு வயது இளையது! பார்க்க வந்தவர்களிடம், தான் இளமையானவள், அழகானவள், நட்பானவள் என்று சொல்லிவிட்டு, இந்தக் குணமெல்லாம் உங்களிடமும் இருக்கிறது என்பாராம். நூறைத் தாண்டியும் எதிரே இருப்பவருக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

கொண்டாட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் இந்த பேண்டு கதை நம் காதுக்கே வந்திருக்காது. என் வருத்தமெல்லாம், உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தபோது அவரிடம் ஆரம்பத்தில் படித்தவர்கள் உயிரோடு இருந்தாலும் நூறை நெருங்கியிருப்பார்கள். அவர் வகுப்பில் எப்படிப் பேசினார், தப்புக் கணக்கை எப்படித் திருத்தினார் என்று சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று.

சரி, நீங்கள் எழுதுங்களேன். எந்த வகுப்புக்கு நடத்தினீர்கள், பின்னம் பிடிபடாத பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தீர்கள்? நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, அப்படியே வெளியிடுகிறேன்.