நோட்டின் பின்பக்கம்

அன்புள்ள ஐயா,

நம் தென்னாப்பிரிக்க ராப் பாடகர் கேஸ்பர் நியோவெஸ்ட் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து வருத்தப்பட்டேன். 16 வயதில் பள்ளியை விட்ட ஒருவரைப் பிள்ளைகள் முன்னால் இப்படித் தூக்கி வைக்கலாமா? நான் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். போன மாதம் ஒரு பையனின் நோட்டைப் பார்த்தேன். முன்பக்கம் ஆத்திசூடி. பின்பக்கம் முழுக்க ராப், ஆங்கிலமும் தமிழும் கலந்து. தமிழையும் ஆங்கில எழுத்தில்தான் எழுதியிருந்தான். வாங்கி வைத்துக்கொண்டேன். இருக்கிற கொஞ்சத் தமிழையும் இந்த இசை அழித்துவிடாதா?

– ஒரு வாசகர், டர்பன்

அன்புள்ள ஐயா,

படிப்பு விஷயத்தில் நமக்குள் சண்டையே இல்லை. மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடிக்காமல் எந்தப் பிள்ளையும் பள்ளியை விட்டு வரக்கூடாது. கேஸ்பரைக் காட்டி யாராவது வாதாடினால், அவர் பள்ளியை விட்டதற்கும் 2013இல் ‘குஷேஷே’ பாட்டு வந்து பெயர் தெரிந்ததற்கும் நடுவில் எத்தனை வருஷம் என்று எண்ணச் சொல்லுங்கள். அத்தனை வருஷம் தாக்குப்பிடிக்க எல்லோராலும் ஆகாது.

மொழி விஷயத்தில்தான் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை.

கேஸ்பர், இயற்பெயர் ரெஃபிலோவே ஃபூலோ, 1990இல் மஹிகெங்கில் பிறந்தவர். ஜோகன்னஸ்பர்க்கின் பெரிய ஸ்டுடியோக்களுக்கு ரொம்பத் தள்ளி இருக்கிற ஊர். அங்கே மக்கள் பேசும் சேத்ஸ்வானா மொழியில் ராப் பாடுவார்கள், இடையிடையே ஆங்கிலம் வந்து போகும். மோட்ஸ்வாகோ என்று அதற்குப் பெயர். அந்தப் பாணியை நாடு முழுக்கக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் அதே ஊர்க்காரரான எச்எச்பி என்கிற ஜபுலானி ட்சாம்போ. கேஸ்பரை யாருக்கும் தெரியாத நாட்களில் அவர்தான் தன் இசை நிறுவனத்தில் சேர்த்துக்கொண்டார். 2018இல் 38 வயதில் இறந்துபோனார். கேஸ்பரின் கதையில் என்னை மிகவும் தொட்டது இந்த இடம்தான். தன் மொழியில் பாடி ஜெயித்த ஓர் அண்ணன் அந்தப் பையனுக்கு முன்னால் இருந்தார். ஊர்ப் பேச்சை விட்டுவிட்டு வா என்று அவர் சொல்லவில்லை.

‘குஷேஷே’ என்பது பழைய பிஎம்டபிள்யூ 325க்கு டவுன்ஷிப்பில், அதாவது கறுப்பின மக்களின் குடியிருப்புகளில், வைத்த செல்லப்பெயர். அந்தப் பாட்டில் கூடப் பாடும் ஓக்மாலும்கூல்கேட் உம்லாசிக்காரர், அதாவது உங்கள் சாட்ஸ்வொர்த்துக்குப் பக்கத்து வீடு மாதிரி. அடுத்த வருஷம் வந்த பாட்டுக்கு டாக் ஷெபெலேசா என்ற, குவைட்டோ எனும் டவுன்ஷிப் நடன இசையின் பழைய பாடகரின் பெயரையே வைத்தார் கேஸ்பர். 23 வயசுப் பையன் தனக்கு முந்தைய தலைமுறைக்காரரின் பெயரைத் தலைப்பாக்க, சின்னப் பிள்ளைகள்கூட அதை முணுமுணுத்தார்கள். மூத்தவர்களுக்கு மரியாதை இல்லாத இசை என்று இதை எப்படிச் சொல்வது?

2015இல் ஜோகன்னஸ்பர்க்கில் அப்போது இருந்த, 20,000 பேர் கொள்ளும் டோம் அரங்கைத் தன் பெயரிலேயே நிரப்பிக் காட்டினார். உள்ளூர்க் கலைஞர் ஒருவரால் அது நடக்காது என்பதுதான் அதுவரை பேச்சு. அப்புறம் ஆர்லாண்டோ, எஃப்என்பி, 2018இல் நம் டர்பனின் மோசஸ் மபிதா என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு விளையாட்டரங்கம். சேத்ஸ்வானா தாய்மொழியாக இல்லாதவர்களும் காசு கொடுத்து அந்தப் பாட்டைக் கேட்க வந்தார்கள்.

சேத்ஸ்வானாவும் தமிழும் இங்கே ஒன்றா என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். அது ஆட்சிமொழி. இந்த நாட்டில் நூற்றுக்கு எட்டுப் பேர் வீட்டில் பேசுவது. அதற்கென்று மோட்ஸ்வெடிங் எஃப்எம் வானொலி இருக்கிறது. நமக்கு அரசியல் சட்டத்தில் மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளின் பட்டியலில் ஓர் இடம் இருக்கிறது, அவ்வளவுதான். பல வீடுகளில் பாட்டியோடு தமிழும் போய்விட்டது. அதனால்தான் சொல்கிறேன், தமிழ் எந்த வேஷத்தில் வந்தாலும் விரட்டுகிற நிலையில் நாம் இல்லை.

நம் போட்டி மேடைகளைப் பாருங்கள். வேட்டி கட்டிய பையன் தேவாரம் சொல்கிறான். கையில் ஆங்கில எழுத்தில் எழுதிய தாள். ஒரு வரிக்கும் அவனுக்குப் பொருள் தெரியாது, கைதட்டி அனுப்பிவிடுகிறோம். அதே பையன் மாமாவோடு துன்னி சீட்டு ஆட உட்கார்ந்தால் ‘ஜோடி’ என்று கத்துகிறான், யாரும் சொல்லிக்கொடுக்காமலே. தேவாரம் கட்டாயம் வேண்டும், எனக்கும் அது உயிர். ஆனால் தமிழில் கேலி செய்ய, கோபப்பட, பெருமையடிக்க, காதலிக்க அந்தப் பையனுக்கு நாம் எங்கே இடம் விட்டிருக்கிறோம்? அவனாகவே ஓர் இடம் கண்டுபிடித்திருக்கிறான். உங்கள் வகுப்பு நோட்டின் பின்பக்கத்தில்.

அவன் ஆங்கில எழுத்தில் எழுதியது உங்களுக்கு உறுத்துகிறது, புரிகிறது. தன் காதில் விழுந்த தமிழைக் கைக்குத் தெரிந்த எழுத்தில் பிடித்து வைத்திருக்கிறான். தமிழ் எழுத்தில் அதை எப்படி எழுதுவது என்று இனி நீங்கள்தான் காட்ட முடியும். ஆத்திசூடியைவிட வேகமாகக் கற்றுக்கொள்வான், ஏனென்றால் அது அவனுடைய சொந்த வரி.

சனிக்கிழமை அந்த நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் ஐயா. கொடுக்கும்போது ஒரு தடவை பாடிக் காட்டச் சொல்லுங்கள். அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் சம்மதம் என்றால் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒரு சொல்லும் திருத்தாமல் இங்கேயே வெளியிடுகிறேன்.

அன்புடன்.