மாத்திரை நன்றாக வேலை செய்கிறது, கண் மட்டும் ஏன் மங்குகிறது?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். மும்பை தாராவியில் தையல் வேலை செய்கிறேன். வயது 41. எச்.ஐ.வி. இருப்பது போன ஆண்டுதான் தெரிந்தது. அப்போது சி.டி.4 (நோய் எதிர்ப்பு அணுக்கள்) அளவு 38. வலது கண்ணில் சி.எம்.வி. என்ற வைரஸ் கிருமி என்று சொல்லி ஊசி போட்டார்கள், ஆறிவிட்டது. எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. எடை கூடியிருக்கிறது. சி.டி.4 இப்போது 190. வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸ் அளவு) கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்றார்கள். ஆனால் மூன்று வாரமாக அதே கண்ணில் புகைமூட்டம், கொசு பறப்பதுபோல் கரும்புள்ளிகள், லேசான சிவப்பு. மெடிக்கல் கடையில் ‘மெட்ராஸ் ஐ’ என்று சொல்லி ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். விஷயம் தெரிந்த என் அண்ணன், “எல்லாம் மாத்திரைச் சூடுதான், ஒரு மாதம் நிறுத்திப் பார்” என்கிறார். நிறுத்தலாமா? (பெயர் வேண்டாம்.)

பதில்: நிறுத்த வேண்டாம். இன்று இரவு மாத்திரையையும் வழக்கம்போல் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் அண்ணன் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் இது சூடு இல்லை. நிறுத்தினால் வைரஸ் மறுபடி பெருகும், சி.டி.4 இறங்கும், பழைய கிருமி இரண்டு கண்ணிலும் தலைகாட்டலாம்.

மெட்ராஸ் ஐயும் இல்லை என்றே நினைக்கிறேன். மெட்ராஸ் ஐ என்றால் பீளை கட்டும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், பெரும்பாலும் ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்குத் தாவும், வீட்டில் இன்னொருவருக்கும் வரும். கரும்புள்ளி பறக்காது. புள்ளி பறக்கிறது என்றால் கோளாறு கண்ணின் உள்ளே இருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, நோய் எதிர்ப்புச் சக்தி மீண்டு வரும்போது வரும் ஒரு கண் அழற்சி. பூட்டிக் கிடந்த வீட்டைப் பல மாதம் கழித்துத் திறந்து பெருக்கினால் தூசி பறக்கும் அல்லவா, கிட்டத்தட்ட அதுதான். பெரும்பாலும் சி.டி.4 50-க்குக் கீழே இருக்கும்போதுதான் சி.எம்.வி. விழித்திரையைப் பிடிக்கும். அப்போது அதை எதிர்க்க உடம்பில் ஆள் இல்லாததால் கண்ணுக்குள் பெரிய அழற்சியும் இருக்காது. பார்வை சத்தமில்லாமல் போகும். மாத்திரையால் சக்தி திரும்பியதும், விழித்திரையில் ஒட்டிக் கிடக்கும் அந்தக் கிருமியின் எச்சங்களை உடம்பு அடையாளம் கண்டு பாய்கிறது. கிருமி அடங்கிப்போயிருந்தாலும் அழற்சி வரும். கண் பெரிதாகச் சிவக்காது, வலியும் அதிகம் இருக்காது. மங்கலும் புள்ளிகளும்தான் முக்கிய அறிகுறி. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வீரியமான கூட்டு மருந்துகள் வந்து, ஜனங்கள் பிழைக்கத் தொடங்கிய பிறகுதான் இப்படி ஒன்று இருப்பதே மருத்துவ உலகுக்குத் தெரிந்தது.

சரி, அதற்காக அலட்சியமாக விட்டுவிட முடியாது. இந்த அழற்சி நீடித்தால் விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்து வீங்கும், அதன் மேல் மெல்லிய சவ்வு படரும், கண்புரையும் வரலாம். உங்கள் தொழிலுக்கு நடுப்பார்வைதான் மூலதனம். ஒரு சோதனை செய்து பாருங்கள்: இடது கண்ணை மூடிக்கொண்டு, நேராக ஓட்டிய ஒரு தையலை வலது கண்ணால் மட்டும் பாருங்கள். கோடு வளைந்து நெளிந்து தெரிந்தால் நடுப்பகுதி வீங்கியிருக்கலாம். நேராகத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கடிதத்தை வைத்து இதுதான் என்று என்னால் முத்திரை குத்த முடியாது. சி.எம்.வி.யே திரும்பியிருக்கலாம். அதற்காக வால்கான்சிக்ளோவிர் மாத்திரை கொடுத்திருந்தால், சி.டி.4 100-ஐத் தாண்டிச் சில மாதம் நிலைத்த பிறகு டாக்டர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். நீங்களாக நடுவில் விட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். காசநோய், டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, அக்கி வைரஸ் எல்லாமே கண்ணுக்குள் இதே வேடம் போடும். சிபிலிஸ் என்கிற மேகநோயும் போடும். அதைச் சொன்னதும் பலர் முகம் சுளிப்பார்கள், ஆனால் கண்டுபிடித்தால் பென்சிலினில் தீரக்கூடிய நோய் அது. சாதாரண ரத்தப் பரிசோதனை போதும், கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

அதனால் இந்த வாரத்துக்குள், முடிந்தால் நாளைக்கே, விழித்திரை பார்க்கும் கண் டாக்டரிடம் போங்கள். மருந்து விட்டுக் கண்மணியை விரித்து இரண்டு கண்ணையும் பார்ப்பார்கள், விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும் ஓ.சி.டி. ஸ்கேனும் எடுப்பார்கள். மருந்து விட்ட பிறகு சில மணி நேரத்துக்கு ஊசியில் நூல் கோக்க முடியாது, வெயிலில் கண் கூசும். அன்றைக்கு மெஷினுக்கு லீவு விட்டு, துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். நடுவில் புள்ளிகள் திடீரென்று கொத்தாகப் பெருகினாலோ, மின்னல் அடித்தாலோ, ஓரத்தில் திரை இறங்கியதுபோல் மறைத்தாலோ, விழித்திரை பிரிந்துகொண்டிருக்கலாம். சி.எம்.வி. வந்த கண்ணில் அந்த ஆபத்து அதிகம். அப்போது ஓ.பி.டி. நேரத்துக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும்.

வெறும் அழற்சிதான் என்று உறுதியானால் ஸ்டீராய்டு கொடுப்பார்கள். சொட்டாகவோ, கண்ணைச் சுற்றி ஊசியாகவோ, சில நேரம் மாத்திரையாகவோ இருக்கும். இங்கேதான் நீங்கள் வாயைத் திறக்க வேண்டும். எச்.ஐ.வி.க்கு என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கண் டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். டோலுடெக்ராவிர் உள்ள ஒற்றை மாத்திரை என்றால் பெரிய சிக்கல் இல்லை. ரிட்டோனாவிர் சேர்ந்த மருந்து என்றால், சில ஸ்டீராய்டுகள் உடம்பில் கரையாமல் தேங்கி முகம் உப்பி, சர்க்கரை ஏறி, அட்ரினல் சுரப்பியே சோம்பிப்போகும். கண்ணருகே போடும் ஊசிகூட அப்படிச் செய்யும்.

வரிசையில் தெரிந்த முகம் இருக்குமே என்ற தயக்கம் புரிகிறது. தாராவிக்காரர்களுக்கு சயான் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம், அங்கே பாதிப் பேர் அக்கம்பக்கத்தவர். சொல்ல வேண்டியது டாக்டரிடம் மட்டும்தான், டோக்கன் கொடுப்பவரிடம் இல்லை. ஏ.ஆர்.டி. மையத்தில் கேட்டால் கண் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள், அதை மூடிய உறையில் கொண்டுபோகலாம். 2017-இன் எச்.ஐ.வி. சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் இதை யாரும் வெளியே சொல்லக் கூடாது, இதைக் காட்டிச் சிகிச்சை மறுக்கவும் கூடாது. யாராவது முரண்டு பிடித்தால் 1097 என்ற இலவச எய்ட்ஸ் உதவி எண்ணில் பேசுங்கள்.

அப்புறம் அந்த மெடிக்கல் கடைச் சொட்டு மருந்து. அதில் ஸ்டீராய்டு இருந்தால், உள்ளே கிருமி இருக்கும் கண்ணில் அது நெருப்பில் ஊற்றிய எண்ணெய். கண் அழுத்தத்தையும் ஏற்றிவிடும். இன்றோடு நிறுத்துங்கள், ஆனால் குப்பையில் போட வேண்டாம். புட்டியையும் டப்பாவையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள், உள்ளே என்ன மருந்து என்று டாக்டர் பார்த்துக்கொள்வார்.