கொட்டகையில் நிற்கும் கார்: வாசகர் கேள்வி – பதில்

பழைய குடும்பக் கார்களைப் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து வந்தவை. எனவே இந்த இதழின் பதில்கள் எல்லாம் டெல்டாவின் ஈர மண்ணையும் சாலைகளையும் மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளன.

கேள்வி: என் தகப்பனார் 1998-இல் வாங்கிய மாருதி 800, அவர் காலமான பிறகு நான்கு ஆண்டுகளாக எங்கள் கொல்லையில், முன்பு மாடு கட்டியிருந்த கொட்டகையில் நிற்கிறது. அதைச் சரிசெய்து குடும்பத்துக்குப் பயன்படுத்த ஆசைப்படுகிறேன். முதலில் பெயிண்ட் அடித்து, சீட் மாற்றிவிட்டு, பிறகு இஞ்சினைப் பார்க்கலாம் என்கிறார் பட்டறைக்காரர். சரியா?
– வாசகி, பாபநாசம் வட்டம்

பதில்: சகோதரி, அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் காரில் முதலில் பார்க்க வேண்டியது கால் வைக்கும் தரைத்தகடு. பெயிண்ட் கடைசியில் வரட்டும். மாருதி 800-இன் இஞ்சின் 796 சி.சி. அளவுள்ள, மூன்று சிலிண்டர் கொண்ட எளிய இஞ்சின். 1983 டிசம்பரில் தொடங்கி 2014 ஜனவரி வரை அந்தக் கார் தயாரிக்கப்பட்டதால், அதன் பாகங்களும் அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த கைகளும் நம் ஊர்களில் இன்னமும் இருக்கின்றன. இஞ்சின் எவ்வளவு கெட்டிருந்தாலும் மீட்டுவிடலாம். துரு தின்ற உடலை மீட்பதுதான் கடினம், செலவும் அதில்தான் ஏறும்.

மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்து, அது வாய்க்கால்களில் வந்து சேர்ந்துவிட்டால், நம் கொல்லை மண் தை அறுவடை வரை முழுதாகக் காய்வதில்லை. நடுவில் வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, உங்கள் கார் நிற்பது ஆண்டுக்கணக்கில் கோமியம் ஊறிய மண்ணின் மேல். அதன் உப்பும் அதிலிருந்து கிளம்பும் ஆவியும் கீழ்த்தகட்டை விடாமல் அரித்துக்கொண்டிருக்கும். ஆகவே, வேறு எதையும் செய்வதற்கு முன், காரை நான்கு பேராகத் தள்ளிச் சிமெண்டுத் தரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

பிறகு உள்ளே விரித்திருக்கும் ரெக்சின் விரிப்பை முழுவதும் தூக்கிவிட்டு, அதன் அடியில் உள்ள மெத்தைத் துணியைக் கையால் பிழிந்து பாருங்கள். பல கார்களில் அது ஈரத்துணியாகவே இருக்கும். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தரைத்தகட்டை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு வந்தால், நல்ல தகடு 'கிண்' என்று ஒலிக்கும். துருவின் மேல் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பூசி மறைத்த இடம் 'மொத்' என்று அமுங்கிய ஓசை தரும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவுகளின் அடிவிளிம்பிலும் சக்கர வளைவுகளிலும் நகர்த்திப் பார்த்தால், பட்டி கனமாக உள்ள இடத்தில் அது ஒட்டாமல் வழுக்கிவிடும். பேட்டரி வைக்கும் தட்டின் அடிப்பகுதியையும், பானெட்டைத் திறந்தால் தெரியும் முன் சஸ்பென்ஷனின் மேல்முனை பொருந்தும் இடத்தையும் தனியாகக் கவனியுங்கள். பேட்டரித் தட்டு போயிருந்தால் புதிதாக வைத்துவிடலாம். சஸ்பென்ஷன் பொருந்தும் இடம் இற்றிருந்தாலோ அனுபவமுள்ள டிங்கர் (தகடு வேலை செய்பவர்) ஒருவர் நேரில் பார்த்து நம்பிக்கை சொன்னால் ஒழிய அந்தக் காரில் பணம் போடாதீர்கள் என்பதே என் கருத்து.

துருப்பிடித்த தகட்டின் மேலேயே புதுத்தகடு வைத்துப் பற்றவைப்பதை ஒப்புக்கொள்ள வேண்டாம். கெட்ட பகுதியை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டியெடுத்து, அந்த அளவுக்குப் புதுத்தகடு பொருத்தி, பிரைமர் அடித்த பிறகே கீழே கறுப்பு அண்டர்கோட்டிங் பூச வேண்டும். துருவின் மேல் பூசிய அண்டர்கோட்டிங், ஈரத்தை உள்ளே அடைத்து வைத்து, கண்ணுக்குத் தெரியாமல் தகட்டைத் தின்ன வைக்கும். இதை நான் நேரில் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் பழைய பிரீமியர் பத்மினிக்கு ஒரு பட்டறையில் பளபளவென்று வண்ணம் அடித்து வாங்கிவந்த எட்டாம் மாதம், கதவின் கீழ்விளிம்பில் கொப்புளங்கள் கிளம்பின. விரலால் அழுத்தியதும் வண்ணத்தோடு சேர்ந்து பட்டியும் உதிர்ந்து, அதன் பின்னால் பழுப்புத் தூள் கொட்டியது. கதவின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று வைத்திருக்கும் சிறு துளைகளை வண்ணம் அடைத்திருந்தது. மழைநீர் உள்ளேயே தேங்கியிருக்கிறது. வேலை முடிந்து காரை வாங்கும் நாளில் ஒரு மெல்லிய கம்பியால் அந்தத் துளைகளைக் குத்திப் பார்த்துவிடுங்கள்.

உடல் தேறும் என்று தெரிந்த பின் இஞ்சினுக்கு வாருங்கள். ஆர்வத்தில் பேட்டரி மாட்டிச் சாவியைத் திருகிவிடக் கூடாது. மூன்று பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் சிறிது இஞ்சின் ஆயில் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் ஸ்பானரால் இஞ்சின் சுழல்தண்டின் முனையிலுள்ள கிராங்க் புல்லியைக் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். தங்குதடையில்லாமல் சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. டைமிங் பெல்ட்டை, பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். நின்ற இடத்திலேயே ரப்பர் இறுகியிருக்கும். டேங்கில் உள்ள பழைய பெட்ரோல் இதற்குள் வார்னிஷ் வாடை அடிக்கும். அதை முழுவதும் வடித்து, டேங்கையும் கார்பரேட்டரையும் கழுவ வேண்டும். ஆயில், ஆயில் பில்டர், ரேடியேட்டர் குழாய்கள், பிரேக் ஆயில் ஆகியவை எல்லாம் புதியனவாக இருக்கட்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆகவே நான்காண்டு நின்ற காரில் வீல் சிலிண்டர்கள் (சக்கரத்தில் பிரேக்கை இயக்கும் பாகங்கள்) இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் தெருவில் இறக்க வேண்டாம்.

தகப்பனார் உட்கார்ந்து ஓட்டிய சீட்டின் மேல்துணி கிழியாமல் இருந்தால், மாற்றாதீர்கள். அடியில் உள்ள பஞ்சை மட்டும் மாற்றித் தைக்கும் தையல்காரர்கள் கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் இருக்கிறார்கள்.

கேள்வி: பதினைந்து ஆண்டு முடிந்த கார்களை ஓட்டக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டதாகச் சொல்கிறார்களே? இறந்த என் மாமனாரின் பெயரில் உள்ள காரை என் கணவர் பெயருக்கு மாற்ற முடியுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது டெல்லிக்கும் அதைச் சூழ்ந்த தலைநகர் வட்டாரத்துக்கும் உரிய கட்டுப்பாடு. தமிழ்நாட்டில் சொந்தக் கார் பதினைந்து ஆண்டைக் கடந்தாலும், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காரைக் காட்டி, படிவம் 25 கொடுத்து, பதிவை ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். பதிவு முடிவதற்கு 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி, இருபது ஆண்டைக் கடந்த காருக்கு 10,000 ரூபாய். காலம் கடந்துவிட்டால் தாமதக் கட்டணமும் சேரும். பசுமை வரி தனி.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31 கொடுக்க வேண்டும். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் இணைத்து, மற்ற வாரிசுகளின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். உரிமையாளர் இறந்த மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நம் குடும்பங்களில் காரியம் முடிந்து மனம் தேறுவதற்குள் அந்தக் காலம் போய்விடுகிறது. போய்விட்டது என்பதற்காக இன்னும் தள்ளிப்போடாதீர்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: காருக்கு வேறு வண்ணம் அடிப்பதானால், அதற்கும் ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிய வேண்டும். பழைய வண்ணத்தையே அடித்தால் அந்த அலைச்சல் இல்லை.

கேள்வி: 1994-ஆம் ஆண்டு அம்பாசடர் ஒன்று விலைக்கு வருகிறது. 'லாரி மாதிரி சேசிஸ் உள்ள வண்டி, துரு ஒன்றும் செய்யாது' என்கிறார் விற்பவர். வாங்கலாமா?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: அம்பாசடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றி, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 வரை தயாரான அந்தக் கார், உடலே எலும்புக்கூடாகவும் இருந்து பாரம் தாங்கும் அமைப்புடையது. எனவே கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதி இற்றுவிட்டால் கார் நடுவில் தளரும். முன்கதவைத் திறந்து மூடும்போது ஏற்ற இறக்கமாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். அது ஒன்றே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

உங்கள் ஊரில் உப்பளக் காற்று அடிப்பதால், காரின் மேல்பாகத்தைக் கழுவுவதைவிட அடிப்பாகத்தை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் பீய்ச்சிக் கழுவுவதே முக்கியம். உவர்ப்பான போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கம் கடற்கரை ஊர்களில் இன்னும் இருக்கிறது. உள்ளே உப்புப் படிந்து அடைத்து, கோடையில் இஞ்சின் கொதிக்கும். வடித்த தண்ணீரும் கூலண்டும் கலந்தே ஊற்றுங்கள். பாகங்கள் உள்ளூரில் கிடைக்காவிட்டால் சென்னைப் புதுப்பேட்டையில் தேடலாம்.

கேள்வி: அறுவடை முடிந்ததும் எலிகள் காருக்குள் புகுந்து ஒயரைக் கடித்துவிடுகின்றன. சாலையில் போட்ட வைக்கோல் மேல் ஓட்டுவதாலும் கெடுதி உண்டா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: வயலில் இரை தீர்ந்ததும் எலி வீட்டை நோக்கி வருகிறது, வாரக்கணக்கில் அசையாமல் நிற்கும் கார் அதற்கு நல்ல வளை. வைக்கோல் போரை ஒட்டிக் காரை நிறுத்தாதீர்கள். ஏர் பில்டர் பெட்டியை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். தவிட்டு உமியும் கிழிந்த துணியுமாகக் கூடு கட்டியிருக்கும். விஷம் வைத்தால் எலி காற்று வரும் குழாய்க்குள் போய்ச் செத்து, காரைப் பல வாரம் நாற அடிக்கும். நம் வயல்களில் வைக்கும் தஞ்சாவூர்க் கிட்டி என்னும் எலிப்பொறியைக் கொட்டகையின் மூலையிலும் வைக்கலாம். கடித்த ஒயரை டேப் சுற்றி விட்டுவிடாமல், ஈயப்பற்று வைத்து உறை போட வேண்டும். பியூஸ் போன இடத்தில் சிகரெட் அட்டைத் தகடு வைப்பவரிடம் காரைத் திரும்பக் கொடுக்காதீர்கள்.

வைக்கோல் பற்றிய உங்கள் ஐயம் மிகச் சரியானது. தை, மாசியில் கதிரடிக்கும் சாலைகளில் வைக்கோல் முன்சக்கர ஆக்ஸிலில் புரிபோலச் சுற்றிக்கொண்டு, அங்குள்ள ரப்பர் உறையைக் கிழித்துவிடும். சூடான சைலன்சர் குழாயில் சிக்கினால் தீப்பிடிக்கவும் கூடும். சுற்றிப் போக வழியிருந்தால் சுற்றியே போங்கள். இல்லையென்றால், தாண்டியவுடன் நிறுத்தி, குனிந்து பார்த்து, சிக்கியதை உருவியெடுத்த பின் செல்லுங்கள்.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய காருக்கு ஆகுமா? காரை அதிகம் எடுப்பதில்லை. தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கிறோம்.
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் சேர்ந்த பெட்ரோல். கார்பரேட்டர் காலத்து ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாப்ரத்தையும் எத்தனால் ஊறவைத்து இளக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றிவிடுங்கள். எத்தனால் ஈரத்தையும் ஈர்ப்பதால், பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்கில் வைத்திருக்க வேண்டாம்.

ஐந்து நிமிட ஸ்டார்ட்டை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. இஞ்சின் முழுச்சூடு ஏறாவிட்டால் அந்த ஆவி சைலன்சருக்குள்ளும் ஆயிலுக்குள்ளும் நீராகத் தங்கி, சைலன்சரை உள்ளிருந்தே துளைக்கும். அதற்குப் பதில் வாரம் ஒருமுறை சீர்காழி வரை, அல்லது பூம்புகார் வரை, நிதானமாக ஓட்டிவிட்டு வாருங்கள். பிரேக், கிளட்ச், பேட்டரி, டயர் எல்லாவற்றுக்கும் அதுவே மருந்து. காரைத் தார்ப்பாயால் மூடாமல் பருத்தித் துணியால் மூடுங்கள்.

கேள்வி: பழைய காரில் பேரக்குழந்தைகளை ஏற்றக் கூடாது என்று என் மகன் தடுக்கிறான். நான் 1999-இலிருந்து அந்தக் காரை ஓட்டுகிறேன்.
– வாசகர், திருவாரூர்

பதில்: ஐயா, உங்கள் மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்தக் காலத்துச் சிறிய கார்களில் காற்றுப்பை கிடையாது. மோதினால் தகடு தாங்கும் அளவும் இன்றைய கார்களைவிடக் குறைவு. விக்கிரவாண்டி நான்குவழிச் சாலையில் இரவில் குழந்தைகளோடு போவதற்கு அதை எடுக்காதீர்கள். பகலில் கோயிலுக்கும் பள்ளிக்கும் உள்ளூரில் நிதானமாக ஓட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வெயிலில் இற்ற சீட் பெல்ட்டுகளைப் புதிதாகப் போட்டு, பிரேக்கை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டும். டயரின் பட்டன் தேயவில்லை என்று பலர் பத்தாண்டுக்கு மேல் வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்த டயர். உங்கள் காரில் ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயரிலும் அந்த எண்ணைப் படித்துப் பார்த்து, ஆறேழு ஆண்டைக் கடந்தவற்றை மாற்றிவிட்டு, மகனை அழைத்துக் காட்டுங்கள்.